காருக்கு வந்த சூடு சொரணை

ஊசிப்பாறை எஸ்டேட்டில் ஒரு கார் மனுசக் கோபத்தில் ஸ்டார்ட் ஆனது என்று சொன்னால் கீழே டவுன்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டீசலில் ஓடும், கரண்டில் ஓடும், வெயிலில்கூட ஓடும் என்றால் வாயை மூடிக்கொண்டு நம்புகிறவர்களுக்கு, ஐப்பசியில் தொடங்கி மாசி வரைக்கும் நாற்பது வீட்டு வயிற்றெரிச்சலில் ஓடியது என்றால் மட்டும் எங்கே இடிக்கிறதோ தெரியவில்லை. அந்தக் கோபத்தை முதன்முதலில் ஊற்றியவள் நான்தான். என் பேர் பேச்சியம்மாள், பேருக்கேற்ற வாய் என்று கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த மூன்று லைன் வீடுகளிலும் சொல்லுவார்கள், தேயிலைக் கொழுந்து பறிக்கிற கைக்கு ஈடாக வாயும் ஓடும், ஆகவே இதை நான் சொல்வதுதான் முறை.

கதை டிஸ்பென்சரியில் தொடங்குகிறது. எங்கள் எஸ்டேட்டில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. மஞ்சள் சுவர், நான்கு கட்டில், ஒரு கம்பவுண்டர், பிரசவம் பார்க்க ஒரு நர்ஸம்மா, எப்போது போய்த் தட்டினாலும் திறக்கிற கதவு. புது மேனேஜர் வந்த வருஷம் அதைப் பூட்டினார்கள், பூட்டிவிட்டுக் கட்டில்களின்மேல் யூரியா மூட்டைகளைப் படுக்க வைத்தார்கள், யூரியாவுக்கு என்ன காய்ச்சலோ. அதற்குப் பதிலாக, பங்களாவில் ஓடி ஓடித் தேய்ந்துபோன ஒரு வெள்ளை டீசல் காரை, காலையில் எங்களுக்குப் பேர் கூப்பிடுகிற மஸ்டர் கிரவுண்டில் கொண்டுவந்து நிறுத்தி, ரிப்பன் கட்டி, "இனிமே இந்தச் சின்ன டிஸ்பென்சரி எதுக்கு? கார்ல ஏறுனா டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி" என்று மேனேஜர் பேசினார். நாங்கள் கை தட்டினோம். அந்தக் கை தட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையையே அறையத் தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் சுடலைமுத்து ஃபேக்டரியில் ரோலர் மெஷினில் இருபது வருஷம் நின்றவர். அவருக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், காலை எட்டு மணிக்கு அவருக்கு ஒரு மெஷின் ஒதுக்கியிருக்கும், எட்டு மணிக்குள் போகாவிட்டால் அது அடுத்தவருக்கு. ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும், மூன்றாவது தடவையைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். முப்பத்தேழு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான், ஆகவே காலை ஐந்தரைக்கு அந்த வெள்ளைக் கார் கிளம்பியாக வேண்டும். கார் கிளம்பினால் என் புருசன் இருப்பார்.

கார் கிளம்பாது. பகலில் பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறியபிறகு சாவியைத் திருகினால் நல்ல பிள்ளையாக எழுந்துவிடும், பனி விழுகிற காலையில் மட்டும் கிர்ர் கிர்ர் என்று இழுத்துவிட்டு அடங்கிவிடும். டிரைவர் தாசண்ணன் செய்யாத வைத்தியம் இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பங்கரையில் வைத்துக் காலையில் மாட்டினார், எஞ்சின்மேல் வெந்நீர் ஊற்றினார், டீசல் லைனில் காற்று நிற்கிறது என்று பம்ப் அடித்து எடுத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார், அம்மன் கோயில் திருநீற்றையும் மாதா கோயில் தீர்த்தத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை, ஷெட்டைக் கட்டியவர்கள் பள்ளத்தில் கட்டிவைத்தார்கள், அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். "ஹீட்டர்ல சூடு இல்ல தங்கச்சி. டீசல் வண்டிக்குள்ள முதல்ல சூடு வரணும், அப்பத்தான் பத்தும். ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்" என்பார். பதினொரு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனி வண்டியில் ஆபீஸ் உத்தரவு இல்லாமல் டிரைவர் ஒரு ஸ்குரூவைத் தொட்டாலும் வேலை போய்விடும், வேலை போனால் லைன் வீடும் போய்விடும், அதனால் எழுதுவார், காத்திருப்பார், மறுபடி எழுதுவார்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை முறை ஏற்கெனவே தவறிப்போய், என் வீட்டுக்காரர் கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் விடிய விடிய உட்கார்ந்தே இருந்து, என் தோளைப் பிடித்து நடந்து வந்து பின் சீட்டில் சாய்ந்தார். தாசண்ணன் சாவியைத் திருகினார். கிர்ர். மறுபடி திருகினார். கிர்ர். ஏழாவது தடவை அதுகூட இல்லை, டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு அடிவயிற்றிலிருந்து என்னவோ ஏறி வந்தது. யூரியா மூட்டை, ரிப்பன், கை தட்டல், டாக்டர் பார்த்த பார்வை, எல்லாம் சேர்ந்து ஏறி வந்தது. பானெட்டை ஓங்கி ஓர் அறை அறைந்து, "ஏ மூதேவி, உள்ள ஒரு மனுசன் மூச்சுக்குத் தவிக்கான், நீ கல்லு மாதிரி கிடக்கியே, உனக்குச் சூடு சொரணை இருக்கா?" என்று கேட்டேன்.

கார் ஸ்டார்ட் ஆனது.

தாசண்ணன் கை சாவியில் இல்லை, அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என் உள்ளங்கையின் கீழே பானெட் தோசைக்கல்லாகச் சுட்டது, என் கை மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது. "ஏறு தங்கச்சி, நின்னுறப் போகுது" என்றார் தாசண்ணன். ஏறினேன். எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்தோம். வழியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது, ரோசம் வந்தால் யாரும் எழுந்து நடக்கத்தானே செய்வார்கள்.

மறுநாள் சனிக்கிழமை மேல் லைனில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி. கார் மறுபடி கிர்ர். தாசண்ணன் நான் சொன்ன வார்த்தையையே ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிப் பார்த்திருக்கிறார், அவர் பச்சைத் தண்ணீரைக்கூட ஊதிக் குடிக்கிற ஆள், அவர் திட்டினால் பூனைகூடத் திரும்பாது, காரா திரும்பும். வீட்டுக்கு வந்து என்னை எழுப்பினார். நான் போய்ப் பானெட்டில் கை வைத்து, முந்தின நாள் மிச்சத்தைச் சொன்னேன். ஸ்டார்ட் ஆனது. அப்போதுதான் கூடியிருந்தவர்களுக்குக் காரின் குணம் பிடிபட்டது, பிடிபட்டதும் அவரவர் தோட்ட வேலையை எப்படிப் பங்கு போடுவோமோ அப்படி இதையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். திங்கள் மேல் லைன், புதன் நடு லைன், வியாழன் கீழ் லைன், செவ்வாயும் வெள்ளியும் பேச்சியம்மாள், மற்ற நாள் கிடைத்தவர்கள். அதற்குச் சூடு போடுகிற முறை என்று பேர் வைத்தார்கள்.

எந்தக் கோபம் செல்லும், எது செல்லாது என்பதைப் போகப் போகக் கற்றுக்கொண்டோம். ஃபீல்டு கண்டக்டர் தர்மலிங்கம் காலை முதல் சாயங்காலம்வரை எங்கள் தலைமேல் நின்று கத்துகிறவர், தொண்டை பெரிது, அவரைக் கூப்பிட்டுக் கத்தச் சொன்னார்கள், அவரும் காது கிழியக் கத்தினார், கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. "இது சத்தம். இதுல சூடு இல்ல" என்றாள் கீழ் லைன் மூக்கம்மா அக்கா. நடிப்புக் கோபமும் செல்லாது. குடித்துவிட்டு வருகிற கோபத்தில் ஸ்டார்ட் ஆகும், ஆனால் அரை மைலில் நின்றுவிடும். மாமியார் மேலுள்ள கோபம் ஒன்பதாவது வளைவு வரைக்கும் தாங்கும், ஒன்பதில் யாராவது இறங்கி இன்னொரு கை போட வேண்டும். சீட்டு விளையாட்டில் ஏமாந்தவன் கோபம், பந்தியில் கறி கிடைக்காதவன் கோபம், இதெல்லாம் செக்போஸ்ட்டைக்கூடத் தாண்டாது. பங்குச் சாமியார் கோபம் பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைத்தார், ஒரு வியாழக்கிழமை அவசரத்துக்கு அவரே வந்து பானெட்டில் கை வைத்தார், என்ன நினைத்தாரோ தெரியாது, கார் டவுன்வரைக்கும் போய்ப் பாதி தூரம் திரும்பியும் வந்தது.

டிஸ்பென்சரி கோபத்துக்கு மட்டும்தான் போகவும் வரவும் முழுசாகத் தாங்கும். அதிலும் மூக்கம்மா அக்காவின் கோபத்துக்கு நிகர் கிடையாது. அவள் மகள் அழகுமணி, தலைப்பிரசவம், டிஸ்பென்சரியைப் பூட்டிய மூன்றாவது மாதம் இதே ஷெட்டில் இதே பின் சீட்டில், கார் கிர்ர் கிர்ர் என்று இழுக்க இழுக்கப் போய்ச் சேர்ந்தவள். மூக்கம்மா அக்கா வாயைத் திறக்க மாட்டாள். ஒரு விரலைப் பானெட்டில் வைப்பாள். கார் உறுமும், ஷெட் தகரம் அதிரும், ரேடியேட்டர் கொதிக்கும், ஒரு விரலுக்கு இரண்டு தடவை டவுன் போய் வரலாம். எல்லோரும் அவளை மதித்து வழி விட்டார்கள்.

வீடுகளில் புதுப் பழக்கங்கள் வந்தன. சாயங்காலம் புருசன் பெண்சாதிக்குள் சண்டை மூண்டால், "வேண்டாம், வீணாக்காதே, நாளைக்கு நம்ம முறை" என்று ஒருத்தரை ஒருத்தர் அடக்கிக்கொண்டு மூடி வைப்பார்கள். கோபத்தை ஆறவிடக் கூடாது என்று முதல் நாள் மோர் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முறைக்காரர் வீட்டில் யாரும் சிரிப்புக் காட்டக் கூடாது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு ரோசம் எப்படி, எத்தனை வளைவு தாங்கும்?" என்று கேட்டார்கள், பெண்ணைப் பெற்றவர்களும் பெருமையாகப் பதில் சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு ஷெட்டைச் சுற்றி நாற்பது பேர், போர்வையும் மஃப்ளருமாக, முறை இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் கூடி நிற்போம். கார் கிளம்பியதும் ஒரு நிம்மதி வரும், நல்லாத் தூங்கி எழுந்தவர்களாக மஸ்டருக்குப் போவோம்.

அந்த நிம்மதியில்தான் மோசம் போனோம், ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது.

மார்கழியில் கம்பெனி தரவேண்டிய கம்பளி வரவில்லை. மற்ற வருஷமாக இருந்தால் ஆபீஸ் வாசலில் ரகளை நடந்திருக்கும். இந்த வருஷம், சரி வரும்போது வரட்டும் என்று இருந்துவிட்டோம். ஒரு ஆள் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள், தலையாட்டினோம். நடு லைனில் நான்கு வீட்டுக் கூரை ஒழுகியது, சட்டி வைத்துப் பிடித்தோம். யூனியன்காரர் வந்து கூட்டம் போட்டு, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிவிட்டு, "என்னய்யா, ஒருத்தருக்கும் கோபமே வரலையா?" என்று கேட்டார். "காலையிலயே ஆயிருச்சு அண்ணே" என்றார்கள், மெய்யாகவே அப்படித்தான் சொன்னார்கள், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், நானும் தலையாட்டினேன். மூக்கம்மா அக்கா ஒரு கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள், அழகுமணி போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, ஆறிருச்சு போல, நல்லதுதானே என்று பேசிக்கொண்டோம்.

மேனேஜர் முட்டாள் இல்லை. ஒருநாள் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, ஷெட் ஓரமாக நின்று, நடு லைன்காரர் ஒருத்தர் ஒழுகுகிற கூரையை நினைத்துப் பானெட்டில் கை வைப்பதையும், கார் கிளம்புவதையும், அந்த மனுசன் கொட்டாவி விட்டுக்கொண்டு மஸ்டருக்குப் போவதையும் கவனமாகப் பார்த்தார். அடுத்த வாரம் காருக்குப் புதுப் பெயிண்ட் வந்தது. ஷெட்டுக்குப் புதுத் தகரம் வந்தது. சூடு போடுகிறவருக்கு டீயும் பன்னும் வந்தது. ஷெட் வாசலில் பச்சை போர்டில் வெள்ளை எழுத்தில், "கோபப்படுவோர் இங்கு மட்டும் கோபப்படவும். இப்படிக்கு, நிர்வாகம்" என்று எழுதி வைத்தார்கள். தாசண்ணன் பன்னிரண்டாவது தடவையாக ஹீட்டரைப் பற்றி எழுதிக் கொடுத்தபோது, மேனேஜர் அந்தக் காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்து, "எதுக்கு தாஸ்? வண்டி நல்லாத்தானே ஓடுது. ஜனங்களுக்கும் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாராம். நாங்கள் அந்தப் பன்னைத் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. என் முறை. என் வீட்டுக்காரர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், நான் பானெட்டில் கை வைத்து, "உனக்குச் சூடு சொரணை இருக்கா?" என்று கேட்டேன். கார் பேசாமல் இருந்தது. மறுபடி கேட்டேன். என் வாயிலிருந்து அது வீட்டுப் பாடம் ஒப்பிக்கிற குரலில் வந்தது, எனக்கே கேட்டது. டாக்டர் பார்த்த பார்வையை நினைத்தேன், அது டாக்டருடைய மூக்குக்கண்ணாடியாக மட்டும் நினைவுக்கு வந்தது. ரிப்பனை நினைத்தேன், என்ன கலர் என்று தெரியவில்லை. அடிவயிற்றைத் துழாவித் துழாவிப் பார்த்தேன், கழுவிக் கவிழ்த்த பானையாக இருந்தது.

நாற்பது பேரும் ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். நாற்பது கைக்கும் கார் சில்லென்று இருந்தது. கடைசியில் மூக்கம்மா அக்காவைக் கூட்டி வந்தார்கள். அவள் ஒரு விரலை வைத்தாள், பிறகு இரண்டு விரல், பிறகு இரண்டு கையும் வைத்துத் தலையையும் சாய்த்துக்கொண்டாள். "அழகுமணி, அழகுமணி" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, மெதுவாக, "பேச்சி, எனக்கு ஒண்ணுமே வரலையே. பெத்த புள்ள செத்ததுக்கு எனக்கு ஒண்ணுமே வரலையேடி" என்றாள்.

ஷெட்டிலிருந்து ஏற்றத்தில் காரைத் தள்ளினோம். முதல் வளைவு வரைக்கும் அரை மைல் ஏற்றம், நாற்பது பேர், கயிறு கட்டி முன்னால் இழுப்பவர்களும் பின்னால் தோள் கொடுப்பவர்களுமாக, சக்கரத்துக்குக் கல் வைத்து வைத்துத் தள்ளினோம், மேலே ஏறி இறக்கத்தில் உருட்டிவிட்டு செகண்ட் கியரில் விட்டபோது கார் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. ஏழரை மணி ஆகியிருந்தது. வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தார். இருபதாவது வளைவில் என் கையைப் பிடித்து, "பேச்சி, நீ என்னைத் திட்டி மூணு மாசம் ஆச்சு தெரியுமா?" என்றார். நான் அவர் போர்வையை இழுத்து மூடிவிட்டேன். "தண்ணி ஒரு வாய் அதிகமா குடிச்சா திட்டுவ, மாத்திரைய மறந்தா திட்டுவ. இப்ப எதுக்கும் சரிங்க சரிங்கன்னு சொல்ற. எனக்கென்னமோ நான் ஏற்கெனவே செத்துட்டேன், நீதான் யாருகிட்டயும் சொல்லலன்னு தோணுது."

எங்கள் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் என்னைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார், "இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார், எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. நல்ல வேளை, பதினோரு மணிக்கு ஒரு மெஷின் காலியானது. அவருக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்ததும் நான் வெளியே வந்து, "தாசண்ணே, வண்டிய ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட காட்டணும்" என்றேன்.

"ஆபீஸ் உத்தரவு இல்லாம..."

"காட்டத்தானே சொல்றேன்."

லத்தீப் பாய் ஒர்க்‌ஷாப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. பாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, காலையில்தான் மக்கர் பண்ணுமா, பகலிலுமா என்று கேட்டார். காலையில்தான் என்றோம். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் விட்டுக் கழுவினார். எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பம்ப் டீசல் தள்ளுகிறது என்றார். பிறகு எஞ்சின் பக்கவாட்டில் நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றினார், ஒவ்வொன்றும் என் சுண்டு விரல் நீளம். தன் டப்பாவிலிருந்து புது பிளக் ஒன்றை எடுத்துப் பேட்டரியில் ஒயர் வைத்துக் காட்டினார், முனை கங்காகச் சிவந்தது. எங்கள் பிளக்கை ஒவ்வொன்றாக வைத்தார். நான்கும் கறுப்பாகவே கிடந்தன.

"நாலும் செத்துப்போச்சு. இந்த வண்டி மலையில எப்படிம்மா காலையில ஸ்டார்ட் ஆச்சு?"

"திட்டி" என்றேன்.

பாய் ஆச்சரியப்படவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆகும். சூடு எங்கேயிருந்து வந்தா என்ன, அதுக்குச் சூடுதான் வேணும்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆனா திட்ட வேண்டிய ஆளைத் திட்ட உங்களுக்கு மிச்சம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இது எப்ப செத்திருக்கும் பாய்?" என்றேன்.

"கரியப் பார்த்தா ஆறேழு வருஷம் ஆகியிருக்கும்."

ஆறேழு வருஷம். ரிப்பன் கட்டி மூன்று வருஷம்தான் ஆகிறது, அப்படியானால் ரிப்பன் கட்டும்போதே செத்திருக்கிறது. செத்ததை வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்கள், செத்தது என்று தெரிந்துகொண்டு பன்னிரண்டு காகிதத்தையும் மடித்து வைத்தார்கள், இந்தச் சுண்டு விரல் நீளத்துக்காக அழகுமணி பின் சீட்டில் கிடந்து போனாள். ஒரு பிளக்கை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ரிப்பன் சிவப்புக் கலர், நினைவு வந்துவிட்டது. அடிவயிற்றில் கடுகளவு ஒன்று சுட்டது. அதை நான் வாயைத் திறந்து வெளியே விடவில்லை, பல்லைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"செத்த பிளக்கைத் திட்டி என்னம்மா பண்ண. மாத்தணும். அவ்வளவுதான்" என்றார் பாய்.

தாசண்ணன் வெகுநேரம் கையைப் பிசைந்தார். அவருக்கும் லைன் வீடு இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. பிறகு சட்டைப்பையிலிருந்து மேனேஜர் மடித்துக் கொடுத்த காகிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, "மாத்துங்க பாய்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல நாற்பது பேரும் வந்து நின்றார்கள், காலியாக வந்து நின்றார்கள், கயிறும் கொண்டு வந்திருந்தார்கள். தாசண்ணன் சாவியைப் பாதி திருப்பினார். டாஷ்போர்டில் இத்தனை வருஷம் எரியாத ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து எண்ணினார். மீதியைத் திருப்பினார். கார் கிளம்பியது, ஒரு கிர்ர் இல்லை, ஒரு வசவு இல்லை, கைபடாமல் கிளம்பியது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழைய பிளக்கை எடுத்து மேல் லைன்காரி கையில் வைத்து, "இதுதான். இந்த விரலளவுதான். நம்ம கையில குடுக்கும்போதே இது செத்துக் கிடந்துச்சு. மேனேஜருக்குத் தெரியும்" என்றேன்.

அவள் புரட்டிப் பார்த்தாள், அடுத்தவர் கையில் கொடுத்தாள். பிளக் கை மாறி மாறிப் போனது. பத்தாவது கையில் வெதுவெதுவென்று இருந்ததாம். இருபதாவது ஆள் முந்தானையைச் சுற்றி வாங்கினாள். முப்பதாவது ஆள் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தார், முனை சிவக்கத் தொடங்கியிருந்தது. மூக்கம்மா அக்கா வெறும் கையில் வாங்கி மூடிக்கொண்டாள். அவள் விரலிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவள் தலையை நிமிர்த்தி, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அழகுமணி என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் சூடு இருந்தது.

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நான் தாஸ்கூடப் போயிட்டு வாரேன் பேச்சி. நீ போக வேண்டிய இடத்துக்குப் போ" என்றார்.

"மாத்திரை எடுத்தீரா?"

"மறந்துட்டேன்."

"அறிவிருக்கா உமக்கு? ஒரு மாத்திரையைக் கையில எடுத்து வைக்கத் தெரியாதா, அதுக்கும் நான் பின்னாலயே வரணுமா?" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அந்த மனுசன் அப்படிச் சிரித்தார்.

கார் ஏற்றம் ஏறிப் போனது. நாங்கள் பங்களாவுக்கு ஏறினோம். மேனேஜர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டுச்சே? அப்புறம் என்ன?" என்றார்.

"ஆயிருச்சு சார். அதனாலதான் வந்தோம்" என்றேன்.

"கோபம்னா அதுக்குத்தான் இடம் வச்சிருக்கோம்ல. போர்டு பார்க்கலையா?"

மூக்கம்மா அக்கா முன்னால் போய்ப் பிளக்கை நீட்டினாள். எது நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை, வாங்கினார். எங்களில் கடைசியாக வாங்கிய பத்துப் பேர் உள்ளங்கையிலும் கொப்புளம், அவர் அதை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்து, "என்ன இது, ஏதோ பழைய ஆணியா?" என்றார். சிவந்த முனையைக் கட்டைவிரலால் தடவிக்கூடப் பார்த்தார். அவருக்குச் சுடவில்லை.

நான் கேட்க வேண்டியதை இத்தனை மாதம் ஒரு தகரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஆளைப் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்குச் சூடு சொரணை இருக்கா சார்?"

மேனேஜர் எழுந்து நின்று கத்தத் தொடங்கினார். வேலை, லைன் வீடு, போலீஸ் என்று வரிசையாகக் கத்தினார். மூக்கம்மா அக்கா அவர் கையிலிருந்து பிளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "விடு பேச்சி. இது செத்தது. திட்டிப் பிரயோசனமில்ல, மாத்தணும்" என்றாள்.

திரும்பி டிஸ்பென்சரிக்கு நடந்தோம். அவர் பின்னால் வந்து கத்திக்கொண்டே இருந்தார், சத்தம்தான். கீழே ஒன்பதாவது வளைவில் தாசண்ணன் ஹாரன் அடித்தது கேட்டது. டிஸ்பென்சரிப் பூட்டு பெரியது, துருப்பிடித்தது, மூக்கம்மா அக்கா பிளக்கின் சிவந்த முனையை அதன்மேல் வைத்தாள், நாங்கள் யூரியா மூட்டை தூக்குவதற்காக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டோம்.